டோகாவின் கரை: ரோமில் உடை எதைச் சொன்னது?

கேள்வி இது: படங்களில் வரும் ரோமர்கள் எல்லாரும் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள், இதில் யார் பெரிய மனிதர், யார் சாதாரண ஆள், யார் அடிமை என்று அவர்களுக்குள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முதலில் அந்த ‘எல்லாரும்’ என்பதை எடுத்துவிட வேண்டும். படங்களில் சுற்றிக்கொண்டு வரும் அந்தத் துணியின் பெயர் டோகா; அதை உடுத்தும் உரிமை ரோமக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவர், அடிமை, நாடுகடத்தப்பட்டவர் யாரும் அதைத் தொடக்கூடாது. பிரேட்டர் என்ற உயர் நீதிப் பதவி வரை வகித்த வலேரியஸ் லிசினியானஸ் குடியுரிமை பறிக்கப்பட்டு சிசிலியில் பேச்சுக்கலை ஆசிரியராகப் பிழைத்தார். வகுப்புக்கு அவர் வந்தது கிரேக்கர்களின் ‘பல்லியம்’ என்ற மேலாடையில்தான். கிளாடியஸ் பேரரசர் முன் ஒருவர் மீது, இவர் குடிமகன் அல்ல, குடிமகன் என்று ஏமாற்றுகிறார் என்று வழக்கு வந்தது. வழக்கு தொடங்குவதற்கு முன்பே வக்கீல்களுக்குள் சண்டை: குற்றம் சாட்டப்பட்டவர் டோகாவில் நிற்பதா, பல்லியத்தில் நிற்பதா? டோகாவில் நின்றால் குடிமகன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பல்லியத்தில் நின்றால் தீர்ப்பு முன்கூட்டியே எழுதியாயிற்று. கிளாடியஸ் சொன்ன வழி: எதிர்த்தரப்பு பேசும்போது பல்லியம், இவர் தரப்பு பேசும்போது டோகா என்று மாற்றி மாற்றி உடுத்திக்கொள்ளட்டும். கிண்டலுக்காக எழுதிவைத்த செய்திதான். ஆனாலும் உடைக்கு அங்கே எவ்வளவு சட்டக் கனம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

ஆக, ரோம உடை முதலில் காட்டியது சட்டம் கொடுத்த உரிமையை. பணம் பின்னால் வந்தது; அந்த உரிமையை விலைக்கு வாங்கப் பார்த்தது, வாங்க முடியாத இடத்தில் போலி செய்தது. கீழே சொல்லும் ஒவ்வொரு அடையாளத்துக்கும் பின்னால் இந்த இழுபறி இருக்கிறது.

உள்ளே போடும் டியூனிக்கில் தொடங்கலாம். முழங்கால் வரை வரும் கம்பளிச் சட்டை அது. ஏழை, பணக்காரர் எல்லாருக்கும் பொது. தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை முன்னும் பின்னும் ஊதாக் கோடுகள் இறங்கும். செனட் என்ற ஆட்சி மன்றத்தின் உறுப்பினர்களான செனட்டர்களுக்கு அகலக் கோடு, அவர்களுக்கு அடுத்த படியில் இருந்த ‘ஈக்வெஸ்’ என்ற குதிரைவீரர் வகுப்புக்குக் குறுகிய கோடு. குதிரைவீரர் என்பது பழைய பெயர்தான். பேரரசுக் காலத்தில் அது 4,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) சொத்து உள்ள நல்ல குடும்பத்தார் என்று பொருள். செனட்டர் ஆக 10,00,000 வேண்டும் என்று முதல் பேரரசர் அகஸ்டஸ் வைத்தார். டோகாவை எவ்வளவு சுற்றினாலும் வலது தோள் பக்கம் டியூனிக் வெளியே தெரியும். அந்த ஒரு கோட்டைப் பார்த்தால் போதும். கோடு வளையாமல் நேராக இறங்குகிறதா என்று கவனிக்கச் சொல்கிறார் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன்.

அவருடைய அளவுகள் தையல்காரர் குறிப்புப் போலவே இருக்கின்றன. குறுங்கோட்டுக்காரர் இடுப்பில் கச்சை கட்டி, டியூனிக் முன்பக்கம் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயும், பின்பக்கம் முழங்கால் மடிப்பின் நடுவரையும் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பெண்பிள்ளை உடை, மேலே ஏறினால் செஞ்சூரியன் என்ற படைப்பிரிவுத் தலைவனின் உடை. அகலக்கோட்டுக்காரருக்கு அது இன்னும் கொஞ்சம் தாழ இருக்கலாம். ஜூலியஸ் சீசர் தன் அகலக்கோட்டு டியூனிக்குக்கு மணிக்கட்டு வரை கையும் குஞ்சமும் வைத்துக்கொண்டு, கச்சையைத் தளர்த்தியும் கட்டினார். “அந்தக் கச்சை சரியாகக் கட்டாத பையனிடம் ஜாக்கிரதை” என்று அன்றைய சர்வாதிகாரி சுல்லா எச்சரித்ததாகச் சொல்வார்கள். படைவீரனுக்கோ கச்சைதான் மானம். அகஸ்டஸ் தவறு செய்த படை அதிகாரிகளுக்குக் கொடுத்த ஒரு தண்டனை, கச்சை இல்லாமல் வெறும் டியூனிக்கோடு நாள் முழுக்கத் தளபதியின் கூடாரத்துக்கு முன் நிற்பது.

இனி டோகா. இது வேட்டி போல நீள்சதுரத் துணி அல்ல. பேரரசுக் காலத்தில் அரைவட்டமாகத்தான் இருந்தது, கம்பளியில். சிற்பங்களை வைத்துச் செய்து பார்த்தவர்களின் கணக்கில் நேர்விளிம்பு 5 மீட்டருக்குக் குறையாது. நேர்விளிம்பைக் கழுத்துப் பக்கம் வைத்து, ஒரு முனையை இடது தோளின் முன்புறமாகப் பாதம் வரை தொங்கவிட வேண்டும். மிச்சத் துணியை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய், வலது அக்குளுக்குக் கீழே எடுத்து, மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, மறுபடி இடது தோள்மேல் போட்டுப் பின்னால் விட வேண்டும். வலது இடுப்பருகே துணி வளைந்து தொங்கும் மடி ‘சைனஸ்’. இடது பக்கம் அடியில் மாட்டிக்கொண்ட முதல் முனையைச் சற்று மேலே இழுத்து மார்பில் சிறு கொத்தாக விட்டால் அது ‘அம்போ’. ஊசி கிடையாது, முடிச்சு கிடையாது. கம்பளியின் உராய்வும், மடக்கிப் பிடித்த இடது கையும்தான் மொத்தத்தையும் தாங்குகின்றன.

இடது கையை இறக்கினால் எல்லாம் சரியும். இதுதான் டோகாவின் ரகசியம். ஏர் பிடிப்பவனோ மூட்டை தூக்குபவனோ அதை உடுத்தவே முடியாது. உடுத்தி நிற்பவர் கைவேலை செய்யாதவர் என்பதைத் துணியே சொல்லிவிடும். தனியாக உடுத்துவதும் கடினம், ஆள் வேண்டும். மடிப்பு நிற்பதற்காக முதல் நாள் இரவே அடிமைகள் கொசுவம் வைத்து இடுக்கி போட்டு வைப்பார்கள் என்று கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் கிறித்தவ எழுத்தாளர் டெர்டுல்லியன் அலுத்துக்கொள்கிறார். புகழ்பெற்ற பேச்சாளர் சிசெரோவின் போட்டியாளரான வழக்கறிஞர் ஹார்டென்சியஸ் கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு மடிப்பாக ஒழுங்குசெய்வார். குறுகிய சந்தில் சக அதிகாரி ஒருவர் உரசி அந்த மடிப்பு கலைந்துவிட்டது என்று அவர்மேல் வழக்கே போட்டார். பேச்சின் தொடக்கத்திலேயே டோகா தோளிலிருந்து சரிந்து, அதைத் திரும்ப எடுத்துப் போடாதவன் சோம்பேறி அல்லது உடுத்தத் தெரியாதவன் என்கிறார் குவின்டிலியன். பேசி முடிக்கும் நேரத்தில் வியர்வையோடு சரிந்தால் தவறில்லை, அது உணர்ச்சி வேகம்.

இப்படிப்பட்ட துணியை மக்கள் ஆசையாகக் கட்டியிருப்பார்களா? கட்டவில்லை. இத்தாலியின் பெரும்பகுதியில் செத்த பிறகுதான் ஒருவன் டோகா உடுத்துகிறான் என்றார் அங்கதக் கவிஞர் ஜுவெனல். நகரத்தில் ஏழைக் குடிமகன் அதைக் கட்டிய முக்கியமான நேரம், விடியற்காலையில் தன் புரவலர் வீட்டு வாசலில் வணக்கம் சொல்ல நிற்கும் நேரம். அந்த வணக்கத்துக்குக் கவிஞர் மார்ஷியல் காலத்தில் கிடைத்த கூலி 100 குவாட்ரன்ஸ், அதாவது ஆறேகால் செஸ்டர்ஸ். தெருச் சேற்றில் நடந்து நைந்துபோன டோகாவைப் பற்றி மார்ஷியல் எழுதிய புலம்பல்களுக்குக் கணக்கில்லை. ஆளும் இனத்தின் சின்னம் என்று பெயர், ஆனால் நடைமுறையில் கைகட்டி நிற்பவனின் சீருடை. இந்த முரண் ரோமர்களுக்கே உறைத்திருக்கிறது. அகஸ்டஸ் ஒருநாள் பொதுக்கூட்டத்தில் கறுத்த மேலங்கிகளோடு நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கொதித்து, “உலகை ஆளும் ரோமர், டோகா உடுத்தும் இனம்” என்ற கவிஞர் வர்ஜிலின் வரியைச் சொல்லிக் காட்டி, போரம் சதுக்கத்திலும் அதைச் சுற்றியும் டோகா இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்று அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டார். உத்தரவு போட வேண்டிய நிலை என்பதே நிலைமையைச் சொல்கிறது.

டோகாவிலும் வகைகள் உண்டு. வயதுவந்த குடிமகனுக்கு, சாயம் போடாத கம்பளியின் இயற்கை நிறம். ஊதாக் கரை போட்டது ‘பிரிடெக்ஸ்டா’. அது உயர் பதவியாளர்களுக்கும், சுதந்திரமாகப் பிறந்த சிறுவர் சிறுமியருக்கும் உரியது. பதவியாளரும் பிள்ளைகளும் ஒரே கரையா என்று வியப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு அது காப்பு: இவனைத் தொடாதே, தகாத பேச்சை இவன் காதில் போடாதே என்ற எச்சரிக்கை. கழுத்தில் ‘புல்லா’ என்ற தாயத்துக் கூடும் தொங்கும், பணக்கார வீட்டில் தங்கம், ஏழை வீட்டில் தோல். பதினைந்து வயதை ஒட்டி, பெரும்பாலும் மார்ச் 17 லிபராலியா திருவிழா அன்று, புல்லாவை வீட்டுத் தெய்வத்தின் முன் வைத்துவிட்டு, கரையில்லாத டோகாவுக்கு மாறுவான் பையன்.

தேர்தலில் நிற்பவர் சுண்ணமண் தேய்த்து டோகாவைப் பளீரென்று வெளுத்துக்கொள்வார். ‘கேண்டிடா’ என்ற அந்த வெள்ளை டோகாவிலிருந்துதான் வேட்பாளருக்கான ‘கேண்டிடேட்’ என்ற சொல் வந்தது. கி.மு. 432-இலேயே இந்த வெளுப்பைத் தடைசெய்யச் சட்டம் கொண்டுவந்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் லிவி. சிசெரோ காலத்திலும் வேட்பாளர்கள் வெளுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். துக்கத்துக்கும் எதிர்ப்புக்கும் கறுத்த டோகா. கி.மு. 58-இல் சிசெரோவை நாடுகடத்த முயன்றபோது, குதிரைவீரர் வகுப்பினர் ஏறக்குறைய எல்லாரும் அவருக்காகத் துக்க உடைக்கு மாறினார்கள் என்று வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதுகிறார். செனட்டும் உடை மாற்றத் தீர்மானம் போட, கான்சல்கள் என்ற தலைமைப் பதவியாளர்கள் தடுத்தார்கள். நேரம் தவறினால் இதுவே அவமானம்: இறப்புச் சடங்கு விருந்தில் எல்லாரும் வெள்ளையில் இருக்க, வாட்டினியஸ் என்ற அரசியல் எதிரி மட்டும் கறுப்பில் வந்தார் என்பதைச் சிசெரோ நீதிமன்றத்திலேயே குத்திக்காட்டினார். முழு ஊதாவில் தங்கச் சரிகை போட்ட டோகா வெற்றி ஊர்வலம் வரும் தளபதிக்கு. பிற்பாடு அது பேரரசர் கைக்குப் போயிற்று.

வெள்ளை என்று லேசாகச் சொல்லிவிட்டோம். கம்பளியை வெள்ளையாக வைத்திருப்பதற்குத்தான் காசு. ‘ஃபுல்லோ’ என்ற சலவைக்காரர்கள் தொட்டிக்குள் நின்று காலால் மிதிப்பார்கள். தண்ணீரோடு புளித்த சிறுநீர் கலந்திருக்கும், அதிலுள்ள அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். பிறகு முல்தானி மட்டி போன்ற களிமண். அலசியதும் பிரம்புக் கூண்டின்மேல் விரித்து அடியில் கந்தகம் புகைப்பார்கள், அது மஞ்சளிப்பை வெளுக்கும். பிறகு தூரிகையால் மயிரை எழுப்பி, திருகு அச்சில் வைத்து அழுத்துவார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரமான பொம்பெயியில் கிடைத்த சலவைக்கூடச் சுவரோவியங்களில் மிதிப்பதும், கூண்டைச் சுமந்து வருவதும், அச்சு இயந்திரமும் அப்படியே இருக்கின்றன. இயற்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிளினி எந்த வரிசையில் எந்த மண் என்றுகூடச் சொல்கிறார்: முதலில் சார்டினிய மண், பிறகு கந்தகப் புகை, கடைசியாகக் கிமோலஸ் தீவு மண். சாயத் துணியாக இருந்தால் இங்கேதான் குட்டு வெளிப்படும். போலிச் சாயம் கந்தகத்தில் கறுத்துக் கலங்கிவிடும். அசல் சாயமோ கிமோலஸ் மண்ணில் மென்மையாகி ஒளிரும். ஊதாக் கரை உண்மையா பொய்யா என்பதை ஊரில் முதலில் தெரிந்துகொண்டவர் சலவைக்காரராகத்தான் இருந்திருப்பார்.

அந்த ஊதாவை இனிப் பார்ப்போம். மியூரெக்ஸ் இனத்து முள்நத்தைகளின் ஒரு சிறு சுரப்பியிலிருந்து வருவது. சுரக்கும்போது நிறமற்றது, காற்றும் வெயிலும் பட்டதும் மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறி ஊதாவில் நிற்கும். வேதியியலில் இது நம் அவுரிச் சாயத்துக்கு நெருங்கிய உறவு, இரண்டு புரோமின் அணுக்கள் கூடுதல், அவ்வளவுதான். 1909-இல் ஃபிரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்து எடுத்தது 1.4 கிராம் சாயம். பிளினி தரும் செய்முறை: சுரப்பிகளை எடுத்து, 100 ரோம ராத்தலுக்கு (சுமார் 33 கிலோ) ஒரு செக்ஸ்டாரியஸ் (சுமார் அரை லிட்டர்) உப்புப் போட்டு மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். பிறகு ஈயப் பாத்திரத்தில், உலைக்கு நேர் மேலே வைக்காமல், நீண்ட குழாய் வழியாக வரும் மிதமான சூட்டில் வைத்து, மேலே மிதக்கும் சதையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாவது நாள் வாக்கில் கழுவிய கம்பளியை முக்கிச் சோதனை. நிறம் சரிப்பட்டதும் ஐந்து மணி நேரம் ஊறவைத்து, எடுத்துச் சிக்கெடுத்து, மறுபடி முக்க வேண்டும்.

மிதமான சூடு ஏன் என்பதற்கு இன்றைய சோதனைகள் காரணம் சொல்கின்றன. சாயத்தைத் தண்ணீரில் கரையும் நிலைக்குக் கொண்டுவருவது, அழுகும் சதையில் வளரும் பாக்டீரியா. கொதிக்கவிட்டால் அது செத்து, சாயம் நூலில் ஏறாமல் அடியில் தங்கிவிடும். கரைந்த நிலையில் வெயில் பட்டால் புரோமின் கழன்று ஊதா நீலமாகப் போய்விடும். பிளினி சொல்வதில் மிக உயர்ந்தது இன்றைய லெபனான் கரையிலுள்ள டயர் நகரத்து இரட்டை முக்கல். உறைந்த ரத்தத்தின் நிறம், நேராகப் பார்த்தால் கறுப்பு, சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு. அது நாறவும் செய்தது. அந்த நாற்றத்துக்காகவே ஒருத்தி ஊதா உடுத்துகிறாள் என்று மார்ஷியல் ஒரு பெண்ணைக் கிண்டல் செய்கிறார்.

விலை? கி.மு. 63-இல் லென்டுலஸ் ஸ்பிந்தர் என்ற பதவியாளர் தன் பிரிடெக்ஸ்டாவின் கரைக்கு இரட்டை முக்கல் ஊதா போட்டபோது ஆடம்பரம் என்று ஏசினார்கள். அப்போது அது ராத்தல் 1,000 டெனாரியஸுக்கும் (ரோம வெள்ளி நாணயம்) கிடைக்காத சரக்கு. ஒரு தலைமுறைக்குள் சாப்பாட்டு அறைப் படுக்கைக்கே அதை விரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கி.பி. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் ஊதாப் பட்டு ராத்தலுக்கு 1,50,000 டெனாரியஸ், ஊதாக் கம்பளி 50,000. தங்கமே 72,000 தான். அதே ஆணையில் பண்ணைக் கூலியாளுக்குச் சாப்பாடு போக நாளுக்கு 25. ஒரு ராத்தல் ஊதாப் பட்டுக்கு அவன் 6,000 நாள் உழைக்க வேண்டும்.

இவ்வளவு விலை இருந்தால் போலி வராமல் இருக்குமா? எகிப்தில் கிடைத்து இன்று ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாப்பிரஸ் ஏடு ஒன்றில் செடிச் சாயங்களைக் கொண்டு ஊதா செய்யும் குறிப்புகள் வரிசையாக இருக்கின்றன. ரோமை எதிர்த்து யூதர்கள் செய்த கி.பி. 132–135 கலகத்தின்போது சாக்கடல் அருகே குகையில் ஒளிந்தவர்கள் விட்டுச்சென்ற துணிகளில் ஊதாக் கோடு உண்டு. சோதித்தபோது பெரும்பாலும் அவுரியோடு சிவப்புச் சாயம் சேர்த்த கலவை. அதாவது கோடு போட்ட டியூனிக்கைச் சாதாரண மக்களும் உடுத்தினார்கள். கோட்டின் அகலம், அசல் நிறம், அதை உடுத்தியவர் எங்கே உட்கார்ந்தார் என்பவையே வேறுபாடு.

‘எங்கே உட்கார்ந்தார்’ என்பதைச் சும்மா சொல்லவில்லை. அரங்குதான் ரோமின் உடைச் சோதனைச்சாவடி. மேடைக்கு முன்னால் செனட்டர்கள், கி.மு. 67-இன் ரோஸ்கியஸ் சட்டப்படி அதற்குப் பின்னால் 14 வரிசை குதிரைவீரர் வகுப்புக்கு. கறுத்த உடைக்காரர் நடு அடுக்கில் உட்காரக்கூடாது என்றார் அகஸ்டஸ். பேரரசர் டொமிஷியன் இதைப் புதுப்பித்து ஆள்வைத்துக் கண்காணித்தபோது மார்ஷியலுக்குக் கொண்டாட்டம். ஊதா மேலங்கி போட்ட ஒருவர் அந்த வரிசையில் சாய்ந்துகொண்டு, “இனிமேலாவது நமக்கு மரியாதை வந்தது, கும்பல் தொல்லை இல்லை” என்று ஆணையைப் புகழ்ந்துகொண்டிருக்க, கண்காணிப்பவர் வந்து அந்த மேலங்கியையே எழுப்பி விடுகிறார். இன்னொருவர் தன் பரம்பரையையும் பண்ணை வருமானத்தையும் அளந்துகொண்டிருக்கும்போது மடியிலிருந்து பெரிய சாவி ஒன்று விழுகிறது. இவ்வளவு பெரிய சாவியைச் சுமப்பவன் வாசல் காக்கும் அடிமைதான்.

மோதிரத்துக்கும் இதே கதி. பொன்மோதிரம் குதிரைவீரர் வகுப்பின் அடையாளம். விடுதலையான அடிமைகளெல்லாம் போடத் தொடங்கவே, கி.பி. 23-இல் விதி வந்தது: தானும் தகப்பனும் தகப்பனுக்குத் தகப்பனும் சுதந்திரமாகப் பிறந்திருக்க வேண்டும், 4,00,000 செஸ்டர்ஸ் சொத்து வேண்டும், 14 வரிசையில் உட்காரும் உரிமை வேண்டும். அடிமைகள் இரும்பு மோதிரத்துக்குத் தங்கம் பூசிக்கொண்டார்கள். எழுத்தாளர் பெட்ரோனியஸ் கதையில் படைத்த புதுப்பணக்காரன் டிரிமால்கியோவின் கைகளைப் பாருங்கள்: ஒரு விரலில் முலாம் பூசிய பெரிய மோதிரம், பக்கத்து விரலில் சுத்தத் தங்கம்போல் தெரிந்தாலும் இரும்பு நட்சத்திரங்கள் பதித்த சிறிய மோதிரம், கழுத்தில் அகல ஊதாக்கோடு போட்ட துண்டு. முன்னாள் அடிமைக்குச் சட்டம் பொன்மோதிரத்தையும் அகலக்கோட்டையும் தராது. அவன் சட்டத்தை மீறவில்லை. விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான். ரோம வாசகன் அந்த இடத்தில் சிரித்திருப்பான்.

செருப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செனட்டரின் மூடிய காலணியில் கறுப்புத் தோல்வார்கள் பாதிக் கால்வரை சுற்றி ஏறும். பழம்பெரும் உயர்குலமான பேட்ரீஷியனுக்குத் தந்தப் பிறை ஒன்றும் உண்டு. டயோக்ளீஷியன் ஆணையில் பேட்ரீஷியன் காலணி 150 டெனாரியஸ், செனட்டருடையது 100, குதிரைவீரருடையது 70. வேடிக்கை என்னவென்றால், கோவேறு கழுதைக்காரன் போடும் முரட்டுக் காலணி 120. தோல் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பெண்கள் பக்கம் வந்தால், மணமான குடிமகளின் உடை ‘ஸ்டோலா’: டியூனிக்கின் மேல் தோள்பட்டிகளில் தொங்கி, பாதம் வரை இறங்கும் ஆடை. அதன் மேல் ‘பல்லா’ என்ற போர்வை, வெளியே போகும்போது தலைமேல் இழுத்துவிட்டுக்கொள்வது. கூந்தலில் கம்பளி நாடா. இவையெல்லாம் ‘நான் ஒருவரின் மனைவி, கௌரவமானவள்’ என்று சொல்லின. கள்ள உறவுக்குத் தண்டனை பெற்றவள் ஸ்டோலாவை இழப்பாள். அவளும் விலைமகளும் டோகா உடுத்தினார்கள் என்று பல நூல்களில் படிப்பீர்கள். அதன் வேர் கவிஞர்களின் ஏச்சுப் பேச்சில் இருக்கிறது. டோகா உடுத்திய விலைமகளை எந்தச் சிற்பமும் ஓவியமும் காட்டவில்லை. எனவே தெருவில் தினமும் கண்ட காட்சி என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெண்களுக்குப் பதவி கிடையாது, ஆகவே பதவிக் கரையும் கிடையாது. மிஞ்சியது நகையும் நிறமும். கி.மு. 215-இல் கார்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போரின் நெருக்கடியில் ஓப்பியஸ் சட்டம் அதற்கும் கைவைத்தது: அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் கூடாது, பலநிற ஆடை கூடாது, நகரத்துக்குள்ளும் ஒரு மைல் சுற்றிலும் வண்டியில் போகக்கூடாது. போர் முடிந்தும் சட்டம் நீங்கவில்லை. கி.மு. 195-இல் பெண்கள் தெருக்களை அடைத்துக்கொண்டு போரமுக்குப் போகும் ஆண்களை மறித்தார்கள். கான்சல் கேட்டோ எதிர்த்துப் பேசினார். மக்கள் பிரதிநிதியான டிரிபியூன் லூசியஸ் வலேரியஸ் ஆதரித்துப் பேசினார். ஆண்களுக்குப் பதவியும் ஊர்வலமும் சின்னங்களும் இருக்கின்றன, பெண்களுக்கு அணிகலன்தானே சின்னம் என்ற வாதத்தை லிவி அவர் வாயில் வைக்கிறார். சட்டம் நீங்கியது.

பின்னால் அந்த அணிகலன் எந்த அளவுக்குப் போனது என்பதற்குப் பேரரசர் கலிகுலாவின் மனைவியாக இருந்த லோலியா பவுலினா சான்று. சாதாரண நிச்சயதார்த்த விருந்து ஒன்றில் தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் எல்லாம் மரகதமும் முத்தும் மாற்றி மாற்றிக் கோத்து அவர் உட்கார்ந்திருந்ததைப் பிளினி கண்ணால் கண்டார். மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். கேட்டால் பற்றுச்சீட்டைக் காட்டத் தயாராக இருந்தாராம். அந்தக் காலத்து மாலுமிகளின் வழிகாட்டி ஏடான பெரிப்ளஸ், முத்துக்குப் பாண்டியர் ஆட்சியிலிருந்த கொற்கையையும், முத்தோடு மெல்லிய பருத்தித் துணிக்கு ‘அர்காரு’ என்ற ஊரையும் சொல்கிறது. அர்காருவை உறையூர் என்று அடையாளம் காண்கிறார்கள். ஆண்டுதோறும் இந்தியா, சீனம், அரேபியாவுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று பிளினி புலம்பியதில் நம் கடற்கரைக்கு ஒரு பங்கு உண்டு. பட்டு ஆண்களைக் கெடுக்கிறது என்று கி.பி. 16-இல் செனட் அதை ஆண்களுக்கு மட்டும் தடைசெய்தது.

கடைசியாக அடிமை. கேள்வியின் இந்தப் பகுதிக்குத்தான் பதில் எதிர்பாராதது: அடிமைக்குத் தனி உடையே கிடையாது. செனட்டரின் உடையைத் தவிர மற்ற உடைகளெல்லாம் அடிமைக்கும் பொதுதான் என்று வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். அடிமைகளுக்கு அடையாள உடை வைக்கலாமா என்று ஒருமுறை செனட்டில் பேச்சு வந்தது; அவர்கள் நம்மை எண்ணத் தொடங்கினால் என்ன ஆபத்து என்பது அப்போதுதான் உறைத்தது என்கிறார் தத்துவஞானி செனெகா. திட்டம் கைவிடப்பட்டது. எனவே பெரிய வீட்டு அடிமை ஏழைக் குடிமகனைவிட நன்றாகவே உடுத்தியிருப்பான். பண்ணை அடிமைக்குத்தான் கஷ்டம். கேட்டோவின் கணக்கில் மூன்றரை அடி டியூனிக்கும் ஒரு போர்வையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. புதியது கொடுக்கும்போது பழையதைத் திரும்ப வாங்கி ஒட்டுப்போர்வை தைக்க வேண்டும். மர அடி வைத்த காலணியும் இரண்டு ஆண்டுக்கு ஒன்றுதான். தப்பி ஓடியவன் கழுத்தில் இரும்பு வளையம் ஏறும். ரோம அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றில், நான் ஓடிவிட்டேன், என்னைப் பிடி, என் எசமான் ஜோனினஸிடம் சேர்த்தால் ஒரு பொற்காசு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறது. விடுதலை கிடைத்தவன் தலையில் ‘பிலியஸ்’ என்ற கம்பளித் தொப்பி வைப்பான். சீசரைக் கொன்ற புரூட்டஸ் தன் நாணயத்தில் இரண்டு குத்துவாள்களுக்கு நடுவில் பொறித்தது அந்தத் தொப்பியைத்தான். பேரரசர் நீரோ செத்த அன்று மக்கள் அதையே தலையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஓடினார்கள்.

ஊதாவைத் தன் குடும்பச் சொத்தாக்கப் பார்த்தவரும் நீரோதான். டயர் ஊதாவையும் செவ்வந்திக்கல் நிற ஊதாவையும் தடைசெய்துவிட்டு, சந்தை நாளில் சில அவுன்ஸ் விற்க ஆளனுப்பி, அதைச் சாக்காக வைத்து வணிகர்கள் எல்லாருடைய கடையையும் பூட்டினார். தன் கச்சேரியில் தடைசெய்த நிறத்தில் ஒரு சீமாட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டு, உடையையும் சொத்தையும் சேர்த்தே பறித்தார். அசல் ஊதா பேரரசர் வீட்டுக்கு மட்டும் என்ற நிலை கி.பி. 424-இல் முழுமையாயிற்று; அதற்குள் டோகாவை விட்டு எல்லாரும் போயிருந்தார்கள். கி.பி. 382-இன் சட்டம் செனட்டர்களிடம் கெஞ்சாத குறை: நகருக்குள் போர்வீரர் மேலங்கி வேண்டாம், விசாரணைக்கு வரும்போதாவது டோகா உடுத்துங்கள். அடுத்த தலைமுறையில் பேரரசர் ஹொனோரியஸ், ரோம நகருக்குள் கால்சட்டை போட்டால் சொத்துப் பறிமுதல், நிரந்தர நாடுகடத்தல் என்றார். கான்சல்களின் தந்தப் பலகைகளில் மட்டும் டோகா இன்னும் கொஞ்ச காலம் நின்றது, உடல்மேல் விறைப்பாக மடித்துச் சுற்றிய பூவேலைப் பட்டையாக. கி.பி. 541-க்குப் பிறகு தனிமனிதர் யாரும் கான்சல் ஆகவில்லை. அந்தப் பட்டையை உடுத்தவும் ஆள் இல்லை.